உழைப்பில் விளையும் ஊர்

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையில் இயற்கை வர்ணனை என்று எடுத்துக்காட்ட அதிகம் தேறாது. வாழ்ந்து கெட்ட ஒரு குடும்பம், அந்த வீட்டுக்கு மிச்சமிருக்கும் ஒரு கனமான பழைய கதவு, அதில் தொற்றிக்கொண்டு ஆடும் குழந்தைகள், அவ்வளவுதான். நிலத் தீர்வை பாக்கி நிற்கிறது. தலையாரி வந்து கேட்கிறார்; கொடுக்க ஒன்றுமில்லை. ஒருநாள் ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் வாடைக்காற்று நுழைகிறது. கைக்குழந்தை குளிரில் நோய்ப்பட்டு இறந்துபோகிறது. பின்னொரு நாள் அதே கதவை வேறோரிடத்தில் கண்டுபிடிக்கும் பிள்ளைகள் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

இதில் கரிசல் பூமி எங்கே இருக்கிறது? கதை நெடுகிலும் இருக்கிறது. மழை பொய்த்ததால் காட்டில் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லாததால் தகப்பன் வெளியூருக்கு வேலை தேடிப் போயிருக்கிறான். பணம் வராததால் தீர்வை கட்ட வழியில்லை. ஆற்றுப் பாசனமுள்ள ஊரில் இதே வறுமை வேறு தினுசாக வந்திருக்கும், வேறு பொருளைப் பறித்திருக்கும். கரிசலின் மண், மழை, காற்று, அரசாங்கக் கணக்கு எல்லாம் ஒரு கதவில் வந்து கூடுவதால்தான் வாசகர் அந்த ஊரை விட்டு நெடுநாள் வெளியே வர முடிவதில்லை.

புனைவில் இடத்தை உயிரோடு கொண்டுவருவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வர்ணனைத் திறனே முதலில் பேசப்படுகிறது. ஐம்புலன்களையும் எழுப்பு, வாசனையைச் சொல், ஒலியைச் சொல், நிறத்தைச் சொல் என்பவை எழுத்துப் பட்டறைகளில் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரைகள். அவை தவறில்லை. ஆனால் தமிழின் நல்ல நாவல்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த அறிவுரைகள் பாதி வழியில் நின்றுவிடுவது தெரிகிறது. மரமும் ஆறும் மண்வாசனையும் நிறைந்த எத்தனையோ பக்கங்கள் படித்த மறுநாளே மறந்துபோகின்றன. இடம் மனதில் தங்கிய படைப்புகளில், அந்த இடத்தில் பிழைப்பதற்கு மனிதர் என்ன செய்கிறார்கள் என்பதை எழுத்தாளர் துல்லியமாக அறிந்திருக்கிறார். எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தக் கருவியோடு, யாருக்குக் கீழே, என்ன கூலிக்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நிலத்தை அவர் பார்வையாளராக நின்று பார்ப்பதைக் காட்டிலும், அதில் உழைப்பவரின் கை வழியாகத் தொடுகிறார்.

இந்தப் பார்வை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. காலத்தைக் கழித்துவிட்டு இடத்தை மட்டும் தனியே சொல்ல அந்த இலக்கணத்தில் வழியில்லை. முல்லை என்றால் கார்காலமும் மாலையும் உடன் வந்தாக வேண்டும். குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும். மருதத்துக்கு வைகறையும் விடியலும். அடுத்து வரும் கருப்பொருள் வரிசையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அடுக்கப்படுகின்றன. மலையும் காடும் வயலும் கடலும் வெறும் காட்சியாக நிற்பதை அந்த மரபு ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே என்ன தின்கிறார்கள், எதை வணங்குகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டது. உரையாசிரியர்கள் சொல்லும் பறைகளின் பெயர்களைப் பார்த்தாலே போதும். நெய்தலுக்கு மீன்கோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை. மீன் பிடிக்கும்போதும் நெல் அறுக்கும்போதும் முழங்கியவை அவை. நிலத்தின் இசையே வேலையிலிருந்து பிறந்திருக்கிறது.

பாலை பற்றிய சிந்தனை இன்னும் நுட்பமானது. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்ற நான்குக்கே நிலம் வகுத்தார். பாலைக்குத் தனி நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் முறைமாறி, தம் இயல்பு கெட்டு வறண்டுபோகும்போது பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. இடம் என்பது நிலையான பின்னணி, பாத்திரங்கள்தான் மாறுகிறார்கள் என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான பார்வை இது. இங்கே நிலமே மாறுகிறது, தன் குணத்தை இழக்கிறது, வேறொன்றாகிறது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாவலின் பெரும்பகுதி நிலம் திரிந்த கதையைத்தான் சொல்லியிருக்கிறது.

நெய்தல் நிலத்தில் சங்கப் புலவர்கள் மீனவரோடு உப்பு விளைப்பவரையும், அந்த உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோன உமணரையும் பாடினார்கள். அதற்கு நெடுங்காலம் கழித்து, தூத்துக்குடி உப்பளங்களை ஒரு நாவலின் களமாக்கியவர் ராஜம் கிருஷ்ணன். 1979இல் வந்த ‘கரிப்பு மணிகள்’ அது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிக்காரர் இல்லை. 1925இல் முசிறியில் பிறந்தவர். ஒரு களத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய், மக்களோடு பழகி, கேட்டு, குறித்துக்கொண்டு வந்து எழுதுவது அவர் வழி. ‘அலைவாய்க் கரையில்’ நாவலுக்காக மீனவரிடமும், ‘சேற்றில் மனிதர்கள்’ நாவலுக்காக உழவுக் கூலிகளிடமும், ‘கூட்டுக் குஞ்சுகள்’ எழுதுவதற்காகத் தீப்பெட்டித் தொழிலில் அடைபட்ட குழந்தைகளிடமும் போனார். களஆய்வு என்ற சொல் தமிழ் நாவலோடு ஒட்டிக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

உப்பளம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் அந்த நாவலின் வெப்பம் புரியும். கடல்நீரில் நூறு லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ உப்புகள் கரைந்திருக்கும். நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் காய்ச்சுகிறார்கள். நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் கீழே படியும். அடர்த்தி 25 டிகிரி அளவை எட்டும்போது சமையல் உப்பு மணி பிடிக்கத் தொடங்கும். அதற்கு மேலும் சுண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். ஆகவே நேரம் தவறக் கூடாது. நீண்ட கம்பின் நுனியில் பலகை பொருத்திய வாருபலகையால் உப்பை வரப்புக்கு இழுக்க வேண்டும். வெயில் எவ்வளவு கடுமையாக அடிக்கிறதோ அவ்வளவு உப்பு. அந்த வெயிலில்தான் மனிதர் நிற்க வேண்டும். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீர் பாதத்து வெடிப்புகளில் இறங்கிப் புண்ணாக்குகிறது. சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்கத் தண்ணீர் அருமை.

இங்கே ஒரு சிறு விவரத்தைக் கவனிக்க வேண்டும். மழை. கி.ரா.வின் சொந்த ஊரான இடைசெவலும் ராஜம் கிருஷ்ணனின் உப்பளங்களும் ஒரே தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. கரிசல்காட்டுச் சம்சாரி வானத்தைப் பார்த்து மழைக்கு ஏங்குகிறார். உப்பளத்தில் சீசன் நடுவே ஒரு மழை அடித்தால் விளைந்த உப்பு கரைந்து போகும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மாதக்கணக்கில் வேலையே இல்லை. மேகம் ஒன்றுதான்; ஓரிடத்தில் அது சோறு போடுகிறது, இன்னோரிடத்தில் சோற்றைப் பறிக்கிறது. ‘கருமேகங்கள் திரண்டன’ என்று பொதுவாக எழுதுகிற கை, எந்த ஊரின் மேல் அவை திரண்டன என்று யோசித்தாக வேண்டும். உப்பளத் தொழிலாளிக்கு அது அழகான காட்சியாக இருக்க முடியாது.

ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலுக்கு முன்பே, 1963இல், ‘குறிஞ்சித்தேன்’ எழுதியிருந்தார். நீலகிரிப் படகர் வாழ்வு அது. அங்கே அவர் காலத்தை அளக்கக் கையில் எடுத்தது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையே ஒரு சிறுவன் இளைஞனாகிறான், சாமையும் ராகியும் விளைந்த சரிவுகளில் தேயிலை ஏறுகிறது, மின்திட்டங்கள் வருகின்றன. நாட்காட்டியில் ஆண்டு எண்களைப் போட்டு அந்த மாற்றத்தைச் சொல்லியிருந்தால் அது வரலாற்றுப் பாடமாகியிருக்கும். மலையின் கடிகாரத்தாலேயே மலையின் மாற்றத்தை அளந்தது ஒரு பெரிய கலைத் தீர்மானம். தொல்காப்பியர் நிலத்தோடு பொழுதைக் கட்டியதன் நவீன வடிவம் என்றே அதைச் சொல்லலாம்.

வெளியிலிருந்து போய் எழுதுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சேகரித்த தகவல் எல்லாவற்றையும் பக்கத்தில் கொட்டிவிட வேண்டும் என்ற ஆசை வரும். ராஜம் கிருஷ்ணனிடமே சில இடங்களில் பாத்திரங்கள் கள அறிக்கையை வாசிப்பவர்களாகிவிடுகிறார்கள். அதை அவர்மேல் மதிப்புள்ள வாசகரும் உணர முடியும். ஆனால் அவர் போயிராவிட்டால் அந்த உப்பளமும் தீப்பெட்டித் தொழிற்சாலையும் அந்த ஆண்டுகளில் தமிழ் நாவலுக்குள் வந்தே இருக்காது. இலக்கியம் எட்டிப் பார்க்காத இடங்களுக்குச் சென்றதற்காக அவருக்குத் தமிழ் வாசகர் கடன்பட்டிருக்கிறார்கள்.

உள்ளிருந்து எழுதியவர்களின் சிக்கல் வேறு. பிறந்த மண்ணில் எல்லாம் பழகிப்போயிருப்பதால் எது சொல்லத் தக்கது என்று கண்ணுக்குத் தெரியாது. கி.ரா. அந்தத் திரையை விலக்கியது கதை சொல்லும் முறையால். 1976இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ தெலுங்கு நாட்டிலிருந்து பிழைத்து ஓடிவந்த ஒரு கூட்டம் காட்டைத் தீயிட்டுத் திருத்தி ஊராக்கிய கதை. ஊர் எப்படி உண்டாயிற்று என்பதிலிருந்து தொடங்கும்போது, எந்த வீடும் எந்தக் கிணறும் எந்தப் புன்செயும் தானாக அங்கே இருப்பதாகக் கொள்ள முடியாது. ஒவ்வொன்றையும் யாரோ வெட்டியிருக்கிறார்கள், யாரோ கட்டியிருக்கிறார்கள். பழகிய நிலத்தைப் புதிதாகப் பார்க்க அதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது. 1982இல் அவர் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியையும் தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்குக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் பின்னாளில் அதையே செய்தார்கள். நாவலாசிரியர்கள் தம் நிலத்துக்கு அகராதி செய்வது தமிழில் ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது.

அதே கரிசலை இன்னொரு கோணத்தில் திறந்தது பூமணியின் ‘வெக்கை’, 1982. பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம் ஒரு கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு தலைமறைவாகிறான். ஒரு வாரமளவு நாட்கள் அவர்கள் காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறார்கள். ஓடி ஒளிபவனுக்கு நிலம் ரசிக்கும் பொருளாக இருக்காது. எந்தப் பாறையிடுக்கில் படுத்தால் ஆள் கண்ணில் படாது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கும், எந்தப் புதரில் தின்னக் காய் கிடைக்கும், புகை வெளியே தெரியாமல் எப்படிப் பொங்குவது என்ற கேள்விகள்தான் அவனுக்கு முன் நிற்கும். பதில் ஒவ்வொன்றும் உயிரைக் காப்பாற்றும் அல்லது காட்டிக்கொடுக்கும். இடம் இங்கே கதைக்குப் பின்னால் தொங்கும் படுதாவாக இல்லாமல் கதையின் சிக்கலாகவே ஆகிவிடுகிறது. மகனும் தகப்பனும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதும் அந்தக் காட்டறிவு வழியாகவே நடக்கிறது. பொங்கித் தின்னும்போது பேசுகிறார்கள், நடக்கும்போது பழைய கதை சொல்கிறார்கள். ‘அசுரன்’ திரைப்படம் 2019இல் வந்தபின் நாவலைத் தேடிப் படித்தவர்கள் பலர். படத்தில் வேகம் இருந்தது. நாவலின் நிதானத்தில் இருந்த அந்த மண்ணறிவுக்குத் திரையில் அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை.

கடலில் போய் இதையே செய்ய முடியுமா? கடலுக்கு மேட்டுநிலம் கிடையாது, ஒற்றையடிப் பாதை கிடையாது. அன்னியக் கண்ணுக்கு எல்லாப் பக்கமும் நீர். ஆனால் மீனவருக்குக் கடல் தெருக்களுள்ள ஊர். கரையிலிருக்கும் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள மலை முகட்டையும் ஒரு நேர்கோட்டில் வைத்து, இன்னொரு திசையில் அதேபோல இன்னோர் இணையைப் பிடித்து, கடலுக்கடியில் மீன் மேயும் பார் எங்கே இருக்கிறது என்று கருவியேதுமின்றிக் கண்டுபிடிக்கும் வித்தை தென்கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்திருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர், நீரோட்டத்துக்கு நீவாடு. 2004இல் வந்த ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ இந்த அறிவின் மேல் எழுந்த நாவல். உவரிக்காரரான அவர் ஆமந்துறை என்ற ஊரைப் படைத்து, கடலில் கட்டுமரம் சிதைந்து தத்தளிக்கும் மூன்று பேரை நாவலின் அச்சாக வைத்தார். பற்றிக்கொள்ள ஒரு கட்டை மட்டுமே மிஞ்சிய நிலையில், கரை எந்தப் பக்கம், காற்று எப்போது திரும்பும் என்ற அவர்களின் கணக்கில் அந்தக் கடலின் முழு வரைபடமும் வாசகர் மனதில் விரிகிறது. அதே கடற்கரையின் மேற்கு முனையில் தேங்காய்ப்பட்டணத்தைக் களமாகக் கொண்ட தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, 1988, கடலுக்குள் போகாமலே கடலோரத்தைக் கொண்டுவருகிறது. அங்கே அலை குறைவு. தறவாட்டு அதிகாரமும் பள்ளிவாசலும் சுறாப்பீலி வியாபாரமும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு எழும் எதிர்ப்பும்தான் ஊர்.

நகரம் என்று வரும்போது இந்த வட்டார நாவல்களின் வழி உதவாது என்று சிலர் நினைக்கக்கூடும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும். 1973இல் வெளிவந்த இச்சிறு நாவலில் சென்னையைப் பற்றி ஒரு புகழ்ச்சியோ ஏக்கமோ இல்லை. கடற்கரை இல்லை, கோபுரம் இல்லை. ஒரு தெரு, அதில் தண்ணீர் வராத குழாய்கள், கைப்பம்பு, தோண்டிப்போட்ட பள்ளங்கள், பாத்திரங்களோடு வீட்டுக்கு வீடு அலையும் பெண்கள். ஜமுனாவின் தனிப்பட்ட துயரம் ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்க, எந்த வீட்டுப் பம்பில் எத்தனை மணிக்கு எத்தனை வாளி கிடைக்கும் என்ற கவலை அவளை எப்படியோ எழுந்து நடக்க வைக்கிறது. உரிச்சொற்களை ஏறக்குறைய ஒதுக்கிவிட்ட நடை அது. குடம் கனக்கிறது என்று அசோகமித்திரன் அழுத்திச் சொல்வதில்லை. எவ்வளவு தூரம், எத்தனை நடை, எத்தனை பேர் வரிசையில் என்று காட்டிவிடுகிறார், வாசகரின் இடுப்பு வலிக்கிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த எந்தச் சென்னைவாசிக்கும் அந்த நாவல் இன்றைய தெருவாகவே படும்.

இலங்கை மலையகத்தில் தெளிவத்தை ஜோசப் எழுதிய ‘மீன்கள்’ சிறுகதையும் இதே வகையில் மிகச் சிறிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு காம்பிரா. வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் அந்த ஒற்றை அறைக்குள்தான் படுத்தெழ வேண்டும். இருட்டில் நேர்ந்துவிடும் ஒரு தடுமாற்றமும் அதன் கூச்சமும்தான் கதை. மலையகம் என்றதும் பனியும் பச்சையும் எழுத ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்தச் சுவர்களின் அளவை எழுதியதால் ஜோசப்பின் மலையகம் அழியாமல் நிற்கிறது.

எழுத்தாளர் விட்டு வந்த இடம், அவர் மனதில் மட்டும் இருக்கும் இடம் என்பது இன்னொரு கதை. ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதில் சுமத்ராத் தீவின் மெடானுக்கு வேலைக்குப் போனவர். போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் அங்கே கண்டு, 1946இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் நீண்டகாலம் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல்கள். 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ ஜப்பானியப் படை நுழையும் மெடானில் தொடங்குகிறது. மொஸ்கி ஸ்ட்ராட் தெருவில் வட்டிக்கடைக் கிட்டங்கிகள். அவற்றில் முதலாளியும் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும். யார் எங்கே உட்கார வேண்டும், யார் கணக்கெழுத வேண்டும், யார் எடுபிடி வேலை செய்ய வேண்டும் என்ற ஒழுங்கிலேயே செட்டிநாடும் சுமத்ராவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. மலாயும் டச்சும் சீனமும் தமிழும் புரளும் பேச்சு மெடானைத் துறைமுகச் சந்தடியோடு கொண்டுவருகிறது. மலாக்கா நீரிணையில் தொங்கான் என்ற பாய்க்கப்பல் புயலில் சிக்கும் பகுதி தமிழ் உரைநடையின் உச்சங்களில் ஒன்று.

அந்த நாவலின் ஆழமான இடம் மெடானோ பினாங்கோ அன்று. நாயகன் பாண்டியனின் நினைவில் எழும் சொந்த ஊர் சின்னமங்கலமும் மதுரைத் தெருக்களும்தான். தூரத்திலிருப்பவன் ஊரை நினைக்கும்போது பொதுவாக நினைப்பதில்லை. சந்தைக்கு வரும் வண்டிகள், கடைகளின் வரிசை, ஆட்களின் பெயரும் பட்டப்பெயரும் என்று ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்க்கிறான். மறந்துவிடுவோமோ என்ற பயம் அந்தப் பட்டியல்களுக்கு ஒரு துடிப்பைத் தருகிறது. ஊரில் இருப்பவன் அப்படிப் பட்டியலிட்டால் சலிப்பு தட்டும். கடல் தாண்டி இருப்பவன் இட்டால் அது ஏக்கத்தின் வடிவமாகிறது. யார் கண்ணில் இடம் தெரிகிறது, அவருக்கு அப்போது என்ன தேவை என்பது எழுத்து எத்தனை விவரம் தாங்கும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

வட்டார வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் கொங்கு மண்ணையும் அதன் பேச்சையும் நாவலுக்குள் கொண்டுவந்தபோது அது துணிச்சலான காரியம். இன்று நிலைமை தலைகீழ். உரையாடலில் நாலு வட்டாரச் சொல், அடிக்குறிப்பில் பொருள், அட்டையில் ஒரு பனைமரம் இருந்தால் ஊர் வந்துவிட்டதாக நம்பும் நாவல்கள் பெருகியிருக்கின்றன. பேச்சு மட்டும் ஊரைக் கொண்டுவராது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் கூளையனின் பேச்சு நம்மைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அவன் மேய்க்கும் ஒவ்வோர் ஆட்டின் குணமும் அவனுக்குத் தெரியும், பண்ணையக்காரர் வீட்டில் அவன் எங்கே நிற்கலாம் எங்கே நிற்கக் கூடாது என்பதும் தெரியும். சாதி வரைந்த கோடுகளும் அந்த நிலத்தின் வரப்புகள்தான். அவற்றை விட்டுவிட்டு ஒரு தமிழ்க் கிராமத்தை எழுதுபவர் பாதி ஊரைத்தான் எழுதுகிறார்.

நிலம் திரிந்து பாலையாகும் கதைக்கு வருவோம். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’, 1966, நாகர்கோவிலில் ஒரு மரத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் குளம் தூர்ந்து, காற்றாடித் தோப்பு வெட்டப்பட்டுப் பூங்காவாகி, கடைகள் முளைத்து, தேர்தல் வந்து, கடைசியில் மரமே பட்டுப்போவதைச் சொல்கிறது. ஒரே இடத்தில் காலத்தை நிறுத்திவைத்துப் பார்த்த நாவல். பெருமாள்முருகனின் முதல் நாவல் ‘ஏறுவெயில்’, 1991, குடியிருப்புக் காலனிக்காக நிலம் எடுக்கப்பட்ட ஒரு வேளாண் குடும்பம் சிதறுவதை எழுதியது. வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ வைகை அணைக்கு ஊரைப் பறிகொடுத்தவர்களின் கதை. சோ. தர்மனின் ‘சூல்’, 2016, உருளைக்குடிக் கண்மாயைச் சொல்கிறது. வரத்துக்கால், கரை, மடை, கலுங்கு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் பொறுப்பான ஆளும் அவருக்கான பங்கும் வகுக்கப்பட்டிருந்த ஓர் ஏற்பாடு, அதைக் கட்டிக்காத்த அறிவோடு சேர்ந்து எப்படி அழிகிறது என்பதே அந்த நாவல். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் கணக்கில் உள்ளன. அவற்றில் ஒன்றுக்கு மடையைத் திறக்கத் தெரிந்த மனிதரின் மனம் எப்படி வேலை செய்யும் என்பதை அரசாங்கக் கோப்பு எதுவும் சொல்லாது. தர்மன் சொன்னார்.

வேலை மாறும்போது நிலமும் மாறுகிறது என்றால், இன்றைய தமிழகத்தின் புதிய நிலங்கள் எவை? திருப்பூரை எடுத்துக்கொள்ளலாம். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’, 1998, சாயக்கழிவில் நிறம் மாறிய நொய்யல் ஆற்றையும் அதன் கரையில் பிழைப்பவர்களையும் எழுதியது. எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’, 2004, பனியன் தொழிலோடு வளர்ந்து சிதறும் ஒரு நண்பர் கூட்டத்தை எழுதியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது அந்த நகரம் எதிர்கொண்ட மாதங்களும், பட்டறைகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்போடு மறுபடி ஓடத் தொடங்கியதும் இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பிரிந்து கிடக்கும் அந்தக் கம்பெனித் தளத்துக்கும் தனக்கென ஒரு பொழுது உண்டு. ஏற்றுமதித் தேதி நெருங்கும் வாரத்தில் இரவு ஷிப்ட், தீபாவளி போனஸ், ஆர்டர் இல்லாத மாதங்கள் என்பவையே அங்கே பருவங்கள். அந்தத் தளத்தில் இப்போது மெஷினில் உட்காருபவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். மெடானின் கிட்டங்கியில் உட்கார்ந்து சின்னமங்கலத்துச் சந்தையை எண்ணிய பாண்டியனைப் போல, அவர்களும் வாடகை அறைகளில் தங்கள் ஊர்ச் சந்தையை எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். திருப்பூரைப் பற்றிய அடுத்த நல்ல நாவல் ஒடியாவிலோ இந்தியிலோ எழுதப்படுவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அப்படி ஒன்று வந்தால், கொங்குப் பேச்சும் கம்பெனிப் பேச்சும் இரண்டும் தெரிந்த ஒருவர் அதைத் தமிழில் பெயர்க்க வேண்டும்.